ஸ்பாஞ்சுக்கு ஒரு ஜே!

மீன் தொட்டிக்கு ஸ்பாஞ்ச் ஃபில்டரைப் போல ஒரு பொருள் உலகத்திலேயே கிடையாது. இதை மீன் வளர்க்காதவர்களிடமும் சொல்லிச் சொல்லி, கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரைப் பாயசம் வருவதற்கு முன்பே எழுந்து போக வைத்தவள் நான். எங்கள் வீட்டில் கப்பி இருக்கிறது, மோலி இருக்கிறது, ஒரு ஜோடி ஏஞ்சல் இருக்கிறது. எல்லாம் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் காலையில் காபி டம்ளரோடு தொட்டி முன்னால் உட்கார்ந்தால் என் கண் முதலில் போவது மூலையில் கறுப்பாக நிற்கும் அந்த ஸ்பாஞ்சிடம்தான்.

அதன் அமைப்பைக் கேட்டால் சிரிப்பீர்கள். அடியில் ஒரு கனமான பிளாஸ்டிக் தட்டு. அதன்மேல் உருளையாக ஒரு ஸ்பாஞ்ச். நடுவில் மேல் நோக்கிப் போகும் ஒரு குழாய். வெளியே ஓர் ஏர் பம்ப், அதிலிருந்து ஒரு மெல்லிய டியூப். அவ்வளவுதான்! தண்ணீருக்குள் மோட்டார் கிடையாது, சுழலும் விசிறி கிடையாது, கெட்டுப்போக எதுவுமே கிடையாது. டியூப் வழியாக வரும் காற்று நடுக்குழாயில் குமிழியாக ஏறுகிறது. குமிழி கலந்த தண்ணீருக்கு எடை குறைவு, அதனால் அது மேலே போகிறது. அது விட்டுப்போன இடத்தை நிரப்ப, சுற்றியிருக்கும் தண்ணீர் ஸ்பாஞ்சின் துளைகள் வழியாக உள்ளே வந்தாக வேண்டும். தண்ணீரை யாரும் தள்ளவில்லை, காற்று ஏறுகிறது, தண்ணீர் பின்னாலேயே போகிறது. இதை முதலில் யோசித்த ஆள் யாராக இருந்தாலும் அவருக்கு ஒரு கோயில் கட்டலாம்.

ஒரு சின்ன வேலை செய்து பாருங்கள். நடுக்குழாய்க்குள் காற்று வரும் முனையில் ஒரு குட்டி ஏர் ஸ்டோன் மாட்டுங்கள். அதுவரை 'டுபுக் டுபுக்' என்று பெரிய பெரிய குமிழியாக வந்தது, சட்டென்று பால் நுரை போலப் பொடிப்பொடியாகக் கிளம்பும். சத்தம் பாதியாகும். குழாயின் வாயில் கையை வைத்தால் தண்ணீர் முன்பைவிட வேகமாக வருவது தெரியும். இதைச் செய்த அன்று, தூங்கிக்கொண்டிருந்த கணவரை எழுப்பி வந்து கையை வைத்துப் பார்க்கச் சொன்னேன். "ம்ம், வருது" என்று சொல்லிவிட்டுத் திரும்பப் போய்ப் படுத்துக்கொண்டார். ரசனை எல்லோருக்கும் வாய்த்துவிடுமா?

ஃபில்டர் என்றால் அழுக்கை வடிகட்டுவது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஸ்பாஞ்ச் அதையும் செய்கிறது, ஆனால் அது அதன் உபதொழில். மீனைக் கொல்வது கண்ணுக்குத் தெரியும் அழுக்கு இல்லை. பளிங்கு மாதிரி இருக்கும் தண்ணீரில் மீன் செத்துக் கிடக்கும், குப்பென்று பச்சையாக இருக்கும் தண்ணீரில் ஜம்மென்று நீந்தும். கொல்வது அமோனியா. மீன் அதைப் பெரும்பாலும் செவுள் வழியாகவே, மூச்சு விடும்போதே வெளியேற்றிக்கொண்டிருக்கிறது. மிச்சம் விழுந்த தீனி அழுகினாலும் அமோனியாதான். ஆற்றிலும் ஏரியிலும் அது கரைந்து காணாமல் போகும். இரண்டடிக் கண்ணாடிப் பெட்டிக்குள் எங்கே போகும்?

ஸ்பாஞ்சுக்குள் போகும்! அங்கே அதைத் தின்பதற்கென்றே ஒரு கூட்டம் குடியிருக்கிறது. ஸ்பாஞ்சின் ஒவ்வொரு துளையின் சுவரிலும் மெல்லிய வழவழப்பாகப் படிந்திருக்கும் நுண்ணுயிர்கள் அவை. ஒரு சாரார் அமோனியாவை நைட்ரைட் ஆக்குகிறார்கள். நைட்ரைட்டும் விஷம்தான். அதை இன்னொரு சாரார் நைட்ரேட் ஆக்குகிறார்கள். நைட்ரேட்டும் அளவு மீறினால் கெடுதல், ஆனால் முந்தைய இரண்டோடு ஒப்பிட்டால் பரம சாது. இந்த வேலையைச் செய்யும் நுண்ணுயிர்களை 1890 வாக்கிலேயே செர்கேய் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய விஞ்ஞானி தனியே பிரித்துக் காட்டிவிட்டார். சூரிய வெளிச்சமும் வேண்டாம், உயிர்ப்பொருளும் வேண்டாம், வெறும் அமோனியாவை எரித்தே பிழைக்கும் ஜீவன்கள் இவை என்றார்.

கதை அதோடு முடியவில்லை, இங்கேதான் எனக்குப் புல்லரிக்கும். நைட்ரைட்டைத் தின்பது நைட்ரோபாக்டர் என்று மீன் வளர்ப்புப் புத்தகங்கள் எல்லாம் பல காலம் எழுதிக்கொண்டிருந்தன. 1998-இல் திமோதி ஹோவனெக்கும் உடன் ஆய்ந்தவர்களும் நன்னீர் மீன் தொட்டிகளிலேயே தேடிப் பார்த்து, அங்கே அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா வகை என்று காட்டினார்கள். அப்புறம் 2015. அமோனியாவிலிருந்து நைட்ரேட் வரை இரண்டு படியையும் ஒரே நுண்ணுயிர் தனியாளாகச் செய்துமுடிப்பதை இரண்டு ஆய்வுக் குழுக்கள் ஒரே சமயத்தில் அறிவித்தன. நூறு வருஷத்துக்கு மேலாக, இது இருவர் பங்குபோட்டுச் செய்யும் வேலை என்றே நம்பப்பட்டுவந்தது. அந்த இரண்டு குழுக்களில் நெதர்லாந்துக் குழு தன் நுண்ணுயிரை எங்கே பிடித்தது தெரியுமா? மீன் வளர்க்கும் ஓர் அமைப்பின் ஃபில்டரில்! பெரிய பெரிய கருவிகளோடு உலகம் தேடிக்கொண்டிருந்த ஆசாமி மீன் தொட்டி ஃபில்டரின் அழுக்குக்குள் கமுக்கமாக உட்கார்ந்திருந்திருக்கிறார். நான் இதைப் படித்த அன்று ஸ்பாஞ்சுக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டிருக்க வேண்டும்.

இவர்கள் வேலை செய்கிறார்களா இல்லையா என்று கண்ணால் பார்க்க முடியாது. சொட்டு மருந்து டெஸ்ட் கிட்டில் பார்க்கலாம். ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீரைக் கோடு வரை பிடித்து, அமோனியாச் சொட்டுகளை விட்டு, மூடி, குலுக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துக் காத்திருக்க வேண்டும். எலுமிச்சை மஞ்சளாகவே நின்றால் அமோனியா இல்லை. பச்சை ஏறினால் வில்லங்கம். நைட்ரைட்டுக்கு வான நீலம் நல்லது, ஊதா கெட்டது. புதுத் தொட்டியில் முதலில் பச்சை ஏறும், அது மெல்ல இறங்கும்போது ஊதா தலைதூக்கும், ஊதாவும் ஒருநாள் நீலமாக வெளுக்கும். வழக்கமாக இதற்கு நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். நான் நீள நீளமான தொடர்களைப் பார்க்கிறவள்தான், ஆனால் இந்த வண்ணமாற்றம் தரும் திகிலை எந்த சீரியலும் தந்ததில்லை. ஒரே ஒரு குறிப்பு: என் கிட்டில் நைட்ரேட்டுக்கு உள்ள இரண்டாவது புட்டியைப் பலமாக, அரை நிமிஷமாவது குலுக்காவிட்டால் அது பொய் சொல்லும். அடியில் படிந்த மருந்து கலக்காமலேயே போய், இருக்கிற நைட்ரேட்டைக் குறைத்துக் காட்டும்.

ஸ்பாஞ்சின் மகிமை தெரியவேண்டுமென்றால் கொளத்தூருக்குப் போக வேண்டும். சென்னையில் வண்ண மீன் என்றாலே கொளத்தூர்தான். கடைகளின் முன்பக்கக் கண்ணாடித் தொட்டிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள், குஞ்சு பொரிக்கும் இடத்தைப் பார்க்க அனுமதி கேளுங்கள். வரிசை வரிசையாகத் தொட்டிகள். எங்கோ ஒரு மூலையில் உறுமிக்கொண்டிருக்கும் ஒரே ஒரு புளோயர். அதிலிருந்து தலைக்கு மேலே ஓடும் பி.வி.சி. பைப். அதில் வரிசையாகக் குட்டிக் குட்டி வால்வு, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு டியூப், ஒவ்வொரு டியூபின் நுனியிலும் ஒரு ஸ்பாஞ்ச். மீனை நம்பியே வயிறு கழுவுகிறவர்கள் எதை நம்புகிறார்கள் என்று பார்த்தீர்களா! எனக்குப் பழக்கமான ஒரு பண்ணைக்காரத் தம்பியிடம், "ஏன்ப்பா, விலை ஜாஸ்தியா இருக்கிற கேனிஸ்டர் ஃபில்டர் எல்லாம் நீயே விக்கிறியே, இங்க ஒண்ணுகூடக் காணோமே?" என்று கேட்டேன்.

"அக்கா, அதெல்லாம் ஹாலுக்கு. இது குட்டிங்க இருக்கிற எடம். மோட்டாரு குட்டிய இழுத்துடும். ஸ்பாஞ்சு இழுக்காது. அதுமேலயே மேஞ்சிட்டுத் திரியும் பாருங்க."

பார்த்தேன். கண் இமை நீளம்கூட இல்லாத ஏஞ்சல் குஞ்சுகள் ஸ்பாஞ்சைச் சுற்றி மொய்த்துக்கொண்டு, அதில் படிந்திருந்த எதையோ ஒவ்வொரு கொத்தாகக் கொத்திக்கொண்டிருந்தன. விஷத்தை எடுத்துவிட்டு, பதிலுக்குத் தீனியும் போடும் ஃபில்டர் வேறு எது?

கழுவுவதுதான் முக்கியம், அதைச் சொல்லாமல் விட்டால் என் மனசு ஆறாது. ஸ்பாஞ்ச் அடைத்துக்கொண்டால் குமிழி வரும், தண்ணீர் வரத்து குறையும். அப்போது பலர் அதைக் கொண்டுபோய்க் குழாயடியில் காட்டி, சோப்பு போடாத குறையாகத் தேய்த்து, புதிது மாதிரி ஆக்கி, பெருமையாக வைத்துவிடுகிறார்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறது. கிருமியைக் கொல்லத்தான் அதைக் கலக்கிறார்கள், அது நம் நைட்ரோஸ்பைராவிடம் ஆதார் கேட்டு விட்டுவைக்கப் போவதில்லை. இரண்டு மூன்று நாளில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். 'நல்லா க்ளீன் பண்ணித்தானே வெச்சேன்' என்று வீட்டுக்காரர் திகைப்பார். செய்யவேண்டியது இவ்வளவுதான்: தொட்டியில் தண்ணீர் மாற்றும்போது வெளியே எடுத்த அதே தண்ணீரை ஒரு பக்கெட்டில் வைத்து, ஸ்பாஞ்சை ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் வைத்தபடியே தூக்கி வந்து, அந்தப் பக்கெட்டில் நாலு தடவை பிழிந்தால் போதும். கவர் எதற்கென்றால், வெறுமனே தூக்கினால் பாதி அழுக்கு தொட்டிக்குள்ளேயே கொட்டிவிடும். பிழியும்போது காபி டிகாக்‌ஷன் நிறத்தில் குபீரென்று இறங்கும் பாருங்கள், அத்தனை திருப்தி! பழுப்பு நிறம் ஸ்பாஞ்சை விட்டுப் போகவே கூடாது. வெள்ளை வெளேரென்று ஆக்க இது வேட்டி இல்லை. தொட்டியில் இரண்டு ஸ்பாஞ்ச் இருந்தால் ஒருமுறை ஒன்று, மறுமுறை மற்றொன்று. பிழிந்த தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றினால் எங்கள் அத்தை என்னை வீட்டைவிட்டே அனுப்பிவிடுவார். "ஏம்மா, கறிவேப்பிலைக்கு ஊத்தும்மா" என்பார். ஊற்றினால் அந்தச் செடி தளதளவென்று நிற்கிறது, நைட்ரேட் அதற்குச் சாப்பாடு.

சென்னையில் தண்ணீரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. மெட்ரோ தண்ணீர், லாரித் தண்ணீர், போர் தண்ணீர் மூன்றும் மூன்று ஜாதகம். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, குடத்தோடு லாரிக்குக் காத்திருந்த நாட்களில், வாராவாரம் தொட்டியில் கால்வாசித் தண்ணீர் மாற்றுவேன் என்று யாரிடமாவது சொன்னால் அடிக்க வந்திருப்பார்கள். அப்போது என் தொட்டிகளைக் காப்பாற்றியது மூன்று விஷயம்: நுண்ணுயிர் ஏறி நன்றாகப் பழுத்த ஸ்பாஞ்ச், பாதியாகக் குறைத்த தீனி, மணி பிளான்ட் (அதைப் பின்னால் சொல்கிறேன்). தீனியைக் குறைத்தால் அமோனியா குறையும் என்பது வெளிப்படை. பட்டினியால் சாகும் வீட்டு மீனை நான் பார்த்ததில்லை, பாசத்தால் சாகும் மீன்தான் நிறைய.

தண்ணீரை ஒருநாள் திறந்து வைத்தாலே அதில் இருக்கும் குளோரின் பெரும்பாலும் போய்விடும். அவசரமென்றால் கடையில் 'ஆன்டி குளோரின்' கிடைக்கும். அதில் வழக்கமாக இருக்கும் சோடியம் தயோசல்ஃபேட் வேறொன்றுமில்லை, பழைய போட்டோ ஸ்டூடியோக்களில் ஃபிலிம் கழுவ வைத்திருந்த ஹைப்போ உப்புதான்.

போர் தண்ணீரைத்தான் எல்லோரும் திட்டுகிறார்கள். வாளியில் வெள்ளை படிகிறது, குழாய் அடைக்கிறது, தலைமுடி கொட்டுகிறது. முடியைப் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் என் ஸ்பாஞ்ச் வாசிகள் அந்தத் தண்ணீருக்கு நன்றி சொல்வார்கள். அவர்கள் அமோனியாவை எரிக்கும்போது அமிலம் உண்டாகிறது. ஒரு கிராம் அமோனியா நைட்ரஜனை நைட்ரேட் ஆக்க, சுமார் 7 கிராம் கால்சியம் கார்பனேட்டுக்கு ஈடான காரத்தன்மை செலவாகிறது. ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றி வைத்த தொட்டியில் இந்தக் கையிருப்பு கிட்டத்தட்ட கிடையாது. அதனால் பி.எச். சரிந்து, நுண்ணுயிர்கள் சோர்ந்துபோய் வேலையை நிறுத்திவிடும். கார்பனேட் நிறைந்த கடினமான போர் தண்ணீரில் கஜானா நிரம்பியே இருக்கும். கப்பி, மோலி, பிளாட்டி எல்லாம் அந்தக் கடினத்தன்மையில் கும்மாளமடிக்கும். மோலியை மென்னீரில் வைத்துவிட்டு 'நோஞ்சானாகவே இருக்கிறதே' என்று வருந்துகிறவர்கள் கொஞ்சம் போர் தண்ணீர் கலந்து பார்க்கட்டும்.

இதில் ஒரு கத்தியும் இருக்கிறது. பி.எச். ஏற ஏற அமோனியா அதிக விஷமாகும். 25 டிகிரியில் பி.எச். 7 என்றால் மொத்த அமோனியாவில் விஷ வடிவத்தில் இருப்பது ஒரு சதவீதத்துக்கும் கீழே. அதுவே 8 ஆனால் ஐந்து சதவீதத்தைத் தொடும். மே மாத வெயிலில் தண்ணீர் 30 டிகிரி ஆனால் இன்னும் கூடும். அதே வெயிலில் ஆக்சிஜனும் குறைகிறது. 25 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்கு மேல் கரையும் ஆக்சிஜன், 30 டிகிரியில் சுமார் 7.5-தான். மீனுக்கும் ஆக்சிஜன் வேண்டும், ஸ்பாஞ்சில் இருப்பவர்களுக்கும் வேண்டும். இங்கேதான் நம் ஆள் இரட்டைச் சம்பளம் வாங்க வேண்டியவர் ஆகிறார். குமிழி மேலே வந்து நீர்மட்டத்தைக் கலக்கிக்கொண்டே இருப்பதால் ஆக்சிஜன் கரைந்துகொண்டே இருக்கிறது. மோட்டார் ஃபில்டரின் வாயை நீருக்கடியில் மூழ்க வைத்து 'சத்தமே இல்லை' என்று மகிழ்கிறவர்களுக்கு மே மாதம் பாடம் எடுக்கும்.

மின்வெட்டு என்றால் கேட்கவே வேண்டாம். கேனிஸ்டர் ஃபில்டர் மூடிய டப்பா. ஓட்டம் நின்றால் உள்ளே இருக்கும் ஆக்சிஜன் தீர்ந்து, நல்ல நுண்ணுயிர்கள் மூச்சுத் திணறி, நீண்ட நேரம் கழித்துக் கரண்ட் வரும்போது உள்ளே நாறிக் கிடந்ததை எல்லாம் தொட்டிக்குள் துப்பும். ஸ்பாஞ்சோ திறந்த தண்ணீரிலேயே நிற்கிறது. அதற்கு வேண்டியது ஒரு ஏர் பம்ப், அதுவும் சின்னது என்றால் 5 வாட்டுக்குள். இன்வெர்ட்டருக்கு அது ஒரு பொருட்டே இல்லை, பேட்டரியில் ஓடும் பம்புகளும் கிடைக்கின்றன. இரவு பகல் ஓடினாலும் இரண்டு மாதத்துக்குச் சுமார் ஏழு யூனிட். மின்வாரியம் வீடுகளுக்கு இலவசமாகத் தரும் யூனிட்டுகளில் அது எந்த மூலைக்கு? ஒன்று மட்டும் கவனம். பம்பைத் தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள், அல்லது டியூபின் நடுவில் ஒரு செக் வால்வு மாட்டுங்கள். இல்லாவிட்டால் கரண்ட் போன நொடியில் தண்ணீர் டியூப் வழியாகப் பின்னோக்கி ஏறி, பம்புக்குள் புகுந்து, தரைக்கும் வந்துசேரும். பத்து இருபது ரூபாய்ச் சமாச்சாரம், மறந்துவிடாதீர்கள்.

ஸ்பாஞ்ச் செய்யாதது ஒன்று: நைட்ரேட்டை அது வெளியேற்றாது. அதற்கு நாம் தண்ணீர் மாற்றத்தான் வேண்டும், கூடவே மணி பிளான்ட். தமிழ்நாட்டில் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் மணி பிளான்ட் வைக்காத வீடு எத்தனை? அதில் ஒரு கொடியை எடுத்து, இலை வெளியே, கணு மட்டும் தண்ணீருக்குள் இருக்கிற மாதிரித் தொட்டியின் விளிம்பில் தொங்க விடுங்கள். வேர் தாடி தாடியாக இறங்கும், நைட்ரேட்டை உறிஞ்சிக் கொழுக்கும். எங்கள் வீட்டில் அது புத்தக அலமாரியைக் கடந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துவிட்டது.

புதுத் தொட்டியில் நைட்ரைட் ஏறும் நாட்களுக்குக் கொளத்தூர்க்காரர்கள் ஒரே மருந்து சொல்வார்கள்: "கல்லுப்பு போடுங்க." பாட்டி வைத்தியம் என்று ஒதுக்காதீர்கள். நைட்ரைட் செவுள் வழியாக உள்ளே போய் ரத்தத்தின் ஆக்சிஜன் தாங்கும் திறனைக் கெடுக்கிறது, உப்பில் இருக்கும் குளோரைடு அதே வாசலில் முண்டியடித்து நைட்ரைட்டை உள்ளே விடாமல் தடுக்கிறது.

குறையே இல்லையா என்றால், உண்டு. பார்க்க அழகில்லை, இடத்தை அடைக்கும், மலிவான பம்ப் இரவெல்லாம் வண்டு மாதிரி ரீங்காரமிடும். (அடியில் ஒரு பழைய மவுஸ் பேடை மடித்து வையுங்கள்.) பெரிய ஆஸ்கருக்கும், தின்பதையே தொழிலாகக் கொண்ட கோல்டு ஃபிஷ் கூட்டத்துக்கும் ஒற்றை ஸ்பாஞ்ச் போதாது, அங்கே மற்ற ஃபில்டர்களோடு துணைக்கு நிற்கட்டும். ஆனால் ஃபைட்டர் மீனை ஃபில்டரே இல்லாத உள்ளங்கை அகலக் கிண்ணத்தில் போட்டு 'இதுக்கு எதுவுமே வேணாம்' என்று விற்கிறார்களே, அதை மட்டும் என்னால் பொறுக்க முடிவதில்லை. காற்றை மேலே வந்து சுவாசிக்கத் தெரிந்த மீன் என்பதற்காக அதற்கு அமோனியா சுடாதா?

எதிர் ஃப்ளாட் பையன் போன மாதம் தொட்டி வாங்கினான். "ஆன்ட்டி, ஆறு வாரம் மீன் விடாம வெறும் தண்ணியையே பார்த்துட்டிருக்கணுமா?" என்று அழாக்குறையாக வந்து நின்றான். எங்கள் பெரிய தொட்டியில் இரண்டாவதாக ஓடிக்கொண்டிருந்த ஸ்பாஞ்சை, தொட்டித் தண்ணீரோடு ஒரு டப்பாவில் போட்டு, காய்வதற்குள் ஓடிப்போய் வை என்று கொடுத்தேன். தயிருக்கு உறை ஊற்றுகிற மாதிரிதான். அன்றைக்கே நாலே நாலு கப்பி விட்டான், தினமும் டெஸ்ட் குழாயோடு வந்து கதவைத் தட்டினான். மஞ்சள், மஞ்சள், மறுபடியும் மஞ்சள். பச்சை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இப்போது அவன் அம்மாவுக்கு என்மேல் கோபம், பையன் இரண்டாவது தொட்டி கேட்கிறானாம். நான் அவர்களுக்கு ஒரு ஸ்பாஞ்சைப் பழுக்கவைக்க ஆரம்பித்துவிட்டேன்.